பைக் செயின் டைட் பண்றது, வீட்டு பார்க்கிங்லயே: ஒரு ஸ்கேலும் மூணு ஸ்பேனரும் போதும்

பெங்களூர்ல வண்டி ஓட்டுறவங்களுக்கு இந்த சத்தம் தெரிஞ்சிருக்கும். ரிங் ரோட்ல ஃபர்ஸ்ட் கியர், கிளட்ச், மறுபடி ஃபர்ஸ்ட் கியர், மறுபடி கிளட்ச்னு ஊர்ந்துட்டு போறப்போ ஒவ்வொரு தடவ ஆக்ஸிலேட்டர விட்டு பிடிக்கும்போதும் காலுக்கு கீழ ‘சடக்’னு ஒண்ணு வரும், ஹம்ப் ஏறி இறங்கினா ரெண்டு ‘சடக்’. அது செயின். லூஸாகி செயின் கவர்லயும், பின் சக்கரத்த பிடிச்சிருக்கிற ஸ்விங் ஆர்ம்லயும் அடிக்குது. உடனே எல்லாரும் பண்றது என்னன்னா, தெருமுனை ஷெட்ல நிறுத்தி “அண்ணா செயின் கொஞ்சம் டைட் வைங்க”ன்னு சொல்றது, அவரும் ரெண்டு நிமிஷத்துல முறுக்கி விட்டுடுவாரு, சத்தம் போயிடும், நமக்கும் திருப்தி.

ஆனா சத்தம் போச்சுன்னா சரியா வச்சாச்சுன்னு அர்த்தம் இல்ல, இத நான் காசு குடுத்து கத்துக்கிட்டேன். சில வருஷம் முன்னாடி பொங்கலுக்கு கிருஷ்ணகிரி கிளம்பறதுக்கு மொத நாள் நானே உக்காந்து செயின டைட் பண்ணேன், சத்தமே வரக்கூடாதுன்னு நல்லா இழுத்து வச்சுட்டேன். மறுநாள் பின்னாடி வீட்டம்மா, ரெண்டு பேருக்கு நடுவுல ஒரு பை. அத்திப்பள்ளி தாண்டினதுமே பின் சக்கரத்துலேந்து ஒரு ஊளை, ஸ்பீடு கூட கூட அதுவும் கூடுது. ஓசூர்ல ஒரு மெக்கானிக் விரலால செயின தட்டி பாத்துட்டு “தம்பி, வீணைத் தந்தி மாதிரில்ல முறுக்கி வச்சிருக்க”ன்னாரு. பின் வீல் பேரிங் காலி. வண்டில ரெண்டு பேர் உக்காந்து சஸ்பென்ஷன் அமுங்கும்போது செயின் இன்னும் இறுகும், அதுக்கு இடமே விடாம நான் முன்னாடியே இறுக்கி வச்சிருந்தேன், அவ்ளோதான் விஷயம்.

அதனால முதல்லயே சொல்லிடறேன், கொஞ்சம் லூஸா இருக்கிற செயின் சத்தம்தான் போடும், ரொம்ப டைட்டான செயின் பேரிங்க தின்னும், இஞ்சின் பக்கம் கியர்பாக்ஸ்லேந்து வெளிய வர ஷாஃப்ட்டோட பேரிங்கையும் சேத்து. ரெண்டுல ஒண்ணுதான்னா லூஸ் பக்கம் நில்லுங்க. அதுக்காக தொளதொளன்னு தொங்க விடக்கூடாது, செயின் ஓடுற பல்சக்கரம், அதாவது ஸ்ப்ராக்கெட்லேந்து கழண்டு பின் சக்கரத்த லாக் பண்ணிடுச்சுன்னா லாரிக்கு முன்னாடி விழ வேண்டியதுதான்.

சரி வேலைக்கு வருவோம். தேவைப்படறது ஒரு ஸ்டீல் ஸ்கேல், பின் சக்கரத்துக்கு நடுவுல போற ஆக்ஸிலோட நட்டுக்கு ஒரு ரிங் ஸ்பேனர், செயின இறுக்குற அட்ஜஸ்டருக்கு ரெண்டு சின்ன ஸ்பேனர். சைஸ் வண்டிக்கு வண்டி மாறும், உங்க நட்ட அளந்துட்டு வாங்குங்க. வண்டியோட வர டூல் கிட்ல இருக்கிற ஸ்பேனர் அவசரத்துக்குதான், ஆக்ஸில் நட்டுல அத போட்டா முனை மழுங்கிடும். எஸ்.ஜே.பி ரோடு பக்கம் டூல்ஸ் கடைங்க வரிசையா இருக்கு, ஒரு சனிக்கிழமை போனா எல்லாம் வாங்கிட்டு அப்படியே ஜே.சி ரோட்ல ஸ்பேர்ஸும் பாத்துட்டு வந்துடலாம். பைக்க அங்க எடுத்துட்டு போகாதீங்க, மெட்ரோல போங்க, பார்க்கிங் தேடறதுலயே பாதி நாள் போயிடும்.

முதல்ல அளக்கணும், ஸ்பேனர தொடவே கூடாது. வண்டிய நியூட்ரல்ல போட்டு, கீழ ஓடுற செயின்ல முன் ஸ்ப்ராக்கெட்டுக்கும் பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் நட்ட நடுவுல ஒரு விரல வச்சு மேல தள்ளி பாருங்க, அப்புறம் கீழ இழுத்து பாருங்க. அந்த மேல புள்ளிக்கும் கீழ புள்ளிக்கும் நடுவுல ஸ்கேல்ல எவ்ளோ மிமீ வருதோ அதான் ஆட்டம். நம்மூர் 100, 150 சிசி வண்டிங்கள்ல பெரும்பாலும் 20லேந்து 35 மிமீக்குள்ள சொல்லிருப்பாங்க, உங்க வண்டிக்கு எவ்ளோன்னு மேனுவல்ல இருக்கும், சில வண்டில ஸ்விங் ஆர்ம் மேலயே ஸ்டிக்கர் ஒட்டிருப்பாங்க. சென்டர் ஸ்டாண்ட்ல அளக்கணுமா சைடு ஸ்டாண்ட்லயான்னும் அதுலயே போட்டிருக்கும், ரெண்டுத்துக்கும் அளவு வித்தியாசமா வரும், ஏன்னா சென்டர் ஸ்டாண்ட்ல சக்கரம் தொங்கும், சைடு ஸ்டாண்ட்ல வண்டியோட வெயிட்டு அது மேல இருக்கும். ஸ்ப்ளெண்டர் மாதிரி முழுசா கவர் போட்ட வண்டின்னா கவர்ல ஒரு ரப்பர் மூடி இருக்கும், அத பிடுங்கிட்டு உள்ள விரல் விட்டு பாக்கணும்.

இங்கதான் நிறைய பேரு தப்பு பண்றாங்க. ஒரு எடத்துல அளந்துட்டு விட்டுடுவாங்க. செயின் எல்லா எடத்துலயும் ஒரே மாதிரி தேயாது, ஒரு பக்கம் இறுக்கமா இருக்கும், சக்கரத்த சுத்தினா அடுத்த பக்கம் தொங்கும். கால் சுத்து கால் சுத்தா உருட்டி நாலஞ்சு எடத்துல அளந்து, எங்க ஆட்டம் கம்மியோ அந்த எடத்த வச்சுதான் செட் பண்ணணும். லூஸான எடத்துல அளந்து டைட் பண்ணா, டைட்டான எடம் வரும்போது என்னோட வீணைத் தந்தி கதைதான். டைட்டுக்கும் லூஸுக்கும் ரொம்ப வித்தியாசம் வந்தா செயினே முடிஞ்சு போச்சு, அட்ஜஸ்ட் பண்ணி பிரயோஜனம் இல்ல.

செயின் முடிஞ்சு போச்சான்னு பாக்க இன்னொரு வழி, பின் ஸ்ப்ராக்கெட்டோட பின்னாடி பக்கம் செயின பிடிச்சு வெளிய இழுங்க, பல்லுல பாதிக்கு மேல தெரியுற அளவுக்கு தூக்கிட்டு வந்தா மாத்த வேண்டியதுதான். டேப் இருந்தா இன்னும் துல்லியம். 428ங்கிற சைஸ் செயின்ல ஒரு பின்னுக்கும் அடுத்த பின்னுக்கும் 12.7 மிமீ, அப்போ 20 கண்ணி புதுசுல 254 மிமீ. அது 259 கிட்ட வந்துடுச்சுன்னா ரெண்டு சதவீதம் நீண்டுடுச்சு, விட்டுடுங்க. நீளுதுன்னு சொல்றோமே தவிர இரும்பு இழுபடறது இல்ல, உள்ள பின்னும் புஷ்ஷும் தேயுற தேய்மானம் எல்லாம் சேந்து அவ்ளோ நீளம் காட்டுது. ஸ்ப்ராக்கெட் பல்லு ஒரு பக்கமா வளைஞ்சு கொக்கி மாதிரி ஆயிருந்தாலும் அதே கதி. மாத்தும்போது செயினும் ரெண்டு ஸ்ப்ராக்கெட்டும் சேத்து செட்டா மாத்துங்க, காசு மிச்சம் பிடிக்கறேன்னு செயின் மட்டும் மாத்தினா தேஞ்ச பல்லு புது செயின சீக்கிரமே கொன்னுடும்.

இப்போ அட்ஜஸ்ட்மெண்ட். சென்டர் ஸ்டாண்ட் போட்டு, ஆக்ஸில் நட்டு கழலாம பிடிக்கிற ஸ்ப்ளிட் பின் இருந்தா எடுத்துட்டு நட்ட லூஸ் பண்ணுங்க, கழட்ட வேண்டாம், ஆக்ஸில் நகர்ற அளவுக்கு போதும். டிரம் பிரேக் வண்டின்னா டிரம்ம பிடிச்சுட்டு இருக்கிற அந்த கம்பியோட நட்டையும் கொஞ்சம் லூஸ் பண்ணணும், இல்லன்னா சக்கரம் பின்னாடி வராது. அப்புறம் ஸ்விங் ஆர்ம் ரெண்டு முனைலயும் அட்ஜஸ்டர் இருக்கும், லாக் நட்ட விடுவிச்சுட்டு இந்த பக்கம் கால் சுத்து, அந்த பக்கம் கால் சுத்து. எண்ணிக்கோங்க. ரெண்டு பக்கமும் ஒரே அளவு. ஆக்ஸில் ஒரு மில்லிமீட்டர் பின்னாடி போனாலே செயின் ஆட்டத்துல பல மில்லிமீட்டர் குறைஞ்சுடும், அதனால முழு சுத்து சுத்தற வேலையே வேண்டாம், கால் சுத்து, ஸ்கேல், கால் சுத்து, ஸ்கேல். பழைய புல்லட்ல போல்ட்டுக்கு பதிலா நத்தை மாதிரி ஒரு கேம் தட்டு இருக்கும், அதுல பள்ளம் பள்ளமா வெட்டிருக்கும், ரெண்டு பக்கமும் ஒரே பள்ளத்துல நிக்க வச்சா போதும்.

நேரா இருக்கான்னு பாக்க ஸ்விங் ஆர்ம்ல கோடு போட்டிருப்பாங்க, ரெண்டு பக்கமும் ஒரே கோட்டுல நிக்கணும். எனக்கு அந்த கோட்டு மேல முழு நம்பிக்கை கிடையாது. வண்டிக்கு பின்னாடி தரையில உக்காந்து ஒரு கண்ண மூடிக்கிட்டு செயின் ஓடுற திசையிலேயே பாப்பேன், நேர்கோடா போகணும், ஸ்ப்ராக்கெட் கிட்ட வளையக்கூடாது. இன்னும் சந்தேகம்னா ஸ்விங் ஆர்ம் முன்பக்கம் மாட்டியிருக்கிற பிவட் நடுவுலேந்து ஆக்ஸில் நடுவுக்கு ரெண்டு பக்கமும் டேப் பிடிச்சு பாத்துடலாம்.

ஆக்ஸில் நட்ட இறுக்கறதுக்கு முன்னாடி ஒரு சின்ன வித்தை. ஒரு துணிய மடிச்சு பின் ஸ்ப்ராக்கெட்டுக்கும் கீழ் செயினுக்கும் நடுவுல வச்சு, சக்கரத்த முன்பக்கமா கையால உருட்டினா துணி பல்லுல மாட்டி செயின் விறைப்பா நிக்கும், ஆக்ஸில் முன்னாடி இழுபட்டு அட்ஜஸ்டர்ல போய் உக்காந்துடும். அந்த நிலைமையிலயே நட்ட இறுக்குங்க. விரல் மட்டும் அந்த பக்கம் போகக்கூடாது. எவ்ளோ இறுக்கறோம்னு அளவு காட்டுற டார்க் ரென்ச் இருந்தா மேனுவல்ல போட்ட அளவுக்கு வைங்க. நட்ட இறுக்கினதும் செயின் இன்னும் கொஞ்சம் டைட் ஆகும், அதனால துணிய எடுத்துட்டு திரும்ப ஒரு தடவ அளக்கணும், இத விட்டுட்டா மேல பண்ணதெல்லாம் வீண். லாக் நட், டிரம் கம்பி நட், புது ஸ்ப்ளிட் பின், எல்லாம் முடிச்சுட்டு யாரையாவது வண்டி மேல உக்கார வச்சு செயின தொட்டு பாருங்க, அப்பவும் கொஞ்சம் ஆட்டம் இருக்கணும். எங்க பார்க்கிங்ல வாட்ச்மேன் “ஏனாய்து சார்”னு கேட்டுட்டே வந்து நிப்பாரு, அவரையே ஏத்தி உக்கார வச்சுடுவேன்.

அடுத்தது பிரேக். சக்கரம் பின்னாடி போயிடுச்சு, பிரேக் ராடு நீளம் மாறல, அதனால டிரம் பிரேக் தானா இறுகிரும். சக்கரத்த சுத்தி பாருங்க, உரசினா ராடு கடைசில இருக்கிற நட்ட லூஸ் பண்ணி பெடல்ல பழைய ஃப்ரீ ப்ளே, அதாவது பிரேக் பிடிக்கறதுக்கு முன்னாடி இருக்கிற சும்மா ஆட்டம், அத கொண்டு வாங்க, பிரேக் லைட் எரியுதா, மிதிக்காதப்போ அணையுதான்னும் பாருங்க. டிஸ்க்னா ராடு வேலை இல்ல, ஆனா பெடல ரெண்டு தடவ மிதிச்சு பிரேக் பிடிக்குதான்னு பாத்துட்டுதான் வண்டிய வெளிய எடுக்கணும்.

க்ளீனிங் பத்தி எல்லாரும் ஒவ்வொண்ணு சொல்வாங்க. ஓ ரிங் செயினுக்கு பெட்ரோல் ஊத்தாதீங்க, கம்பி பிரஷ்ஷும் வேண்டாம், உள்ள க்ரீஸ அடைச்சு வச்சிருக்கிற ரப்பர் வளையம் கெட்டுடும். மண்ணெண்ணெய் நல்லது, ஆனா இப்போ பெங்களூர்ல அது எங்க கிடைக்குது, கிடைக்கலன்னா செயின் க்ளீனர் ஸ்ப்ரே. பழைய டூத் பிரஷ், பனியன் வேஸ்ட், கீழ ஒரு அட்டைப்பெட்டிய பிரிச்சு போட்டுக்கோங்க. இஞ்சின ஓட விட்டு கியர்ல போட்டு சக்கரம் சுத்தும்போது துணி பிடிக்கறவங்கள வீடியோல பாத்திருப்பீங்க, அத மட்டும் பண்ணிடாதீங்க, துணி மாட்டினா விரலையும் சேத்து இழுத்துட்டு போயிடும். கையால சுத்துங்க, ரெண்டு நிமிஷம் கூட ஆகும், ஆனா பத்து விரலும் இருக்கும்.

தண்ணி பீய்ச்சி அடிக்கறது வேண்டாம். 2024 மார்ச்ல தண்ணி தட்டுப்பாடு வந்தப்போ குடிதண்ணில வண்டி கழுவினா 5,000 ரூபா ஃபைன்னு குடிநீர் வாரியம் போட்டுச்சே, அப்போலேந்து நான் ஒரு மக் தண்ணியும் ஈரத் துணியும்தான், வண்டி ஒண்ணும் அழுக்காயிடல.

எண்ணெய்க்கு, ஸ்ப்ரே லூப் சுத்தமா இருக்கும், காசு கூட. இபி 90 கியர் ஆயில் மலிவு, வேலை அருமையா செய்யும், கொஞ்சம் ரிம்ல தெறிக்கும், துடைச்சுக்கணும். வெளிப்பக்கம் க்ரீஸ் அப்பறது வேஸ்ட், அது உள்ள போகாது, ரோட்டு மண்ண பிடிச்சு மாவரைக்கிற கல்லு மாதிரி செயினையே அரைக்கும். இஞ்சின்ல வடிச்ச கருப்பு ஆயிலும் வேண்டாம், அதுல ஏற்கனவே இரும்புத் தூள் இருக்கு. வண்டி ஓட்டிட்டு வந்து செயின் சூடா இருக்கும்போது, கீழ் செயினோட உள்பக்கமா, சக்கரத்த பின்னாடி சுத்திக்கிட்டே மெதுவா விடுங்க, ஓடும்போது அதுவே வெளிப்பக்கம் பரவிடும். டயர்லயும் டிஸ்க்லயும் ஒரு சொட்டு கூட படக்கூடாது. ராத்திரி போட்டு காலைல மிச்சத்த துடைச்சுடுங்க. நான் 500 கிலோமீட்டருக்கு ஒரு தடவ போடுவேன், சாயங்காலம் மழைல நனைஞ்சுட்டு வந்தா அன்னைக்கே துடைச்சு போட்டுடுவேன், கணக்கெல்லாம் பாக்கறதில்ல.

செயினோட ரெண்டு முனையையும் சேத்து வைக்கிற லாக் கிளிப் இருந்தா அதையும் ஒரு கண்ணு பாருங்க. மீன் மாதிரி இருக்கும், மூடின பக்கம் தலை, பிளந்த பக்கம் வால். செயின் ஓடுற திசையில தலை இருக்கணும், அதாவது மேல் செயின்ல இருக்கும்போது தலை வண்டிக்கு முன்பக்கம் பாக்கணும். மாறி இருந்தா எதுலயாவது தட்டி கிளிப் கழண்டுடும்.

கீழ உக்காந்ததுதான் உக்காந்தோம், மத்தத பத்து நிமிஷத்துல முடிச்சுடலாம். டயர் காத்து சூடாகாதப்போ பாக்கணும், வீட்டு பக்கத்து பங்க்லயே பிடிங்க. இஞ்சின் ஆயில், இஞ்சின ரெண்டு மூணு நிமிஷம் ஓட்டி நிறுத்திட்டு கொஞ்ச நேரம் கழிச்சு, வண்டிய நேரா நிக்க வச்சு பாருங்க. கிளட்ச் லிவர்ல கொஞ்சம் ஃப்ரீ ப்ளே இருக்கணும், சுத்தமா இல்லன்னா கிளட்ச் ஸ்லிப் ஆகும். ஏர் ஃபில்டர் இந்த ஊரு மெட்ரோ வேலை தூசில மேனுவல்ல சொன்னதுக்கு முன்னாடியே அடைச்சுடும், திறந்து பாத்தா ஆச்சரியப்படுவீங்க.

எல்லாம் முடிச்சதும் முதல் நாள் ஆபீஸ் போயிட்டு வந்து ஆக்ஸில் நட்டுல மறுபடி ஸ்பேனர் வச்சு ஒரு தடவ இழுத்து பாருங்க, செயினையும் அளந்துடுங்க. அளவு அப்படியே நின்னுச்சுன்னா கிலோமீட்டர ஒரு துண்டு பேப்பர்ல எழுதி வண்டி சீட்டுக்கு அடில சொருகிட்டு கை கழுவ போங்க, ஷாம்பு வேண்டாம், சர்க்கரையும் தேங்காய் எண்ணெயும் கலந்து தேய்ச்சா நகக்கண்ல இருக்கிற கருப்பும் போயிடும்.