ஒரே மின்னஞ்சல், நாலு கருவிகள்: பொப்பை விட்டு ஐமேப்புக்கு மாறும் வழி

உப்புவெளியில் எங்கள் விடுதிக்கு ஒரே ஒரு மின்னஞ்சல் முகவரிதான். வரவேற்பு மேசைக் கணினி, வீட்டு லப்டொப், அண்ணாவின் போன், என் போன் என்று நாலு இடத்தில் அதைப் பார்க்கிறோம். திமிங்கிலம் பார்க்கவும் புறாமலைக்குப் போகவும் ஆட்கள் வரும் மாதங்களில் இது பெரிய தலைவலியாக இருந்தது. அறை கேட்டு வந்த மெயில் மேசைக் கணினியில் இருக்கும், போனில் இருக்காது. அண்ணா போனில் அனுப்பிய பதில் மேசையில் இருப்பவருக்குத் தெரியாது.

காரணம் எளிது. கணினியை அமைத்துத் தந்த கடையில் கணக்கைப் பொப் (POP) முறையில் இணைத்திருந்தார்கள். ஒருவர் ஒரே கணினியில் மெயில் பார்த்த 1980களில் வந்த முறை அது. சேர்வரில், அதாவது மெயில் சேவை தருபவரின் கணினியில், இருப்பதை நம் கணினிக்கு இறக்கிக்கொண்டு, பெரும்பாலும் சேர்வரில் அழித்துவிடும். ஐமேப் (IMAP) என்ற இன்னொரு முறையும் அதே காலத்தது, 1986இல் தொடங்கியது. ஆனால் அதில் மெயில் சேர்வரிலேயே இருக்கும். எல்லாக் கருவிகளும் அந்த ஒரே பெட்டியைத்தான் திறந்து காட்டும். ஆகவே எல்லாக் கருவியிலும் ஐமேப். ஒன்றில்கூட பொப் மிஞ்சக்கூடாது.

கணினிக்கு நான் சொல்வது தண்டர்பேர்ட் என்ற மெயில் மென்பொருள். இலவசம், விண்டோஸிலும் லினக்ஸிலும் ஒரே மாதிரி வேலை செய்யும், அமைப்புகளை ஒளித்துவைக்காது. கீழே சொல்வதெல்லாம் அதை வைத்துத்தான்.

முதலில் அழிவதை நிறுத்துங்கள்

பழைய பொப் கணக்கின் ‘சேர்வர் செட்டிங்ஸ்’ பக்கத்தில் ‘லீவ் மெசேஜஸ் ஆன் சேர்வர்’ என்பதற்குச் சரிக்குறி போடுங்கள். அதற்குக் கீழே நாள் கணக்குக் கேட்கும் பெட்டியில் குறி இருந்தால் எடுத்துவிடுங்கள். இல்லாவிட்டால் அத்தனை நாள் கழிந்ததும் மெயில் சேர்வரிலிருந்து போய்விடும். தானாகப் புது மெயில் எடுப்பதையும் நிறுத்திவிடுங்கள்.

ஐமேப் கணக்கைச் சேர்ப்பது

தண்டர்பேர்ட்டில் பொப் கணக்கை ஐமேப்பாக மாற்றும் பொத்தான் கிடையாது. தேடி நேரத்தைக் கழிக்காதீர்கள். அதே முகவரியைப் புதுக் கணக்காகச் சேர்த்து, ஐமேப்பைத் தேர்ந்தெடுங்கள். போர்ட் என்ற இணைப்பு எண் கேட்டால், வரும் மெயிலுக்கு 993, அனுப்ப 465 அல்லது 587. பயனர் பெயர் கேட்டால் முழு மின்னஞ்சல் முகவரியையும் கொடுங்கள். ஜிமெயில் என்றால் ஒரு சாளரம் திறந்து கூகுள் கணக்கில் நுழையச் சொல்லும், அவ்வளவுதான்.

பழைய மெயில்களை மேலே ஏற்றுவது

இந்த இடத்தில் அவசரம் வேண்டாம். பொப்பில் இறக்கிய மெயில்கள் அந்த ஒரு கணினியில் மட்டும்தான் இருக்கின்றன. பொப் கணக்கை நீக்கினால் அவையும் போகலாம். அதனால் தண்டர்பேர்ட்டை மூடிவிட்டு, அது மெயில்களையும் அமைப்புகளையும் வைத்திருக்கும் புரொபைல் போல்டரை அப்படியே ஒரு பென்டிரைவில் பிரதி எடுத்துவையுங்கள்.

அப்புறம் பழைய இன்பொக்ஸில் சில நூறு மெயில்களைத் தெரிவுசெய்து, வலது கிளிக்கில் ‘கொப்பி டூ’ கொடுத்து ஐமேப் இன்பொக்ஸுக்கு அனுப்புங்கள். ‘மூவ்’ வேண்டாம். இடையில் கரண்ட் போனாலோ இணைப்பு அறுந்தாலோ மூலப்பிரதி உங்களிடம் இருக்கும். ஒவ்வொரு தொகுதியும் முடிந்ததும் உலாவியில் வெப்மெயிலைத் திறந்து, ஏறியிருக்கிறதா என்று உங்கள் கண்ணால் பாருங்கள். சென்ட் போல்டருக்கும் இதே வேலைதான். தொடங்குமுன் சேர்வரில் இடம் போதுமா என்றும் பாருங்கள். ஜிமெயிலின் இலவச 15 ஜிபியை ட்ரைவும் போட்டோஸும் சேர்ந்துதான் பங்குபோடுகின்றன.

எல்லாம் ஏறியது நிச்சயமான பிறகே பொப் கணக்கை நீக்க வேண்டும்.

அனுப்பிய மெயில் எங்கே போகிறது?

பலர் கவனிக்காமல் விடுவது இது. ‘கொப்பீஸ் அன்ட் போல்டர்ஸ்’ பக்கத்தில், அனுப்பிய மெயிலின் பிரதி ‘லோக்கல் போல்டர்ஸ்’ என்று இருந்தால் ஐமேப் கணக்கின் சென்ட் போல்டருக்கு மாற்றுங்கள். இதைச் செய்தால்தான் அண்ணா அனுப்பிய பதில் மேசையிலும் தெரியும். ஜிமெயில் அனுப்பிய பிரதியைத் தானே சேமிப்பதால் அதற்கு இந்தப் பிரதி தேவையில்லை.

போனில்

ஜிமெயில் முகவரிக்கு ஜிமெயில் செயலியே போதும். சொந்த டொமைன் முகவரி (@க்குப் பிறகு உங்கள் சொந்த இணையப் பெயர் வருவது) என்றால் ஆண்ட்ராய்டுக்கான தண்டர்பேர்ட் எனக்குப் பிடித்தது. முன்பு கே-9 மெயில் என்று இருந்ததுதான். எந்தச் செயலியானாலும் கணக்கைச் சேர்க்கும்போது பொப், ஐமேப் இரண்டையும் காட்டினால் ஐமேப்பைத் தொடுங்கள்.

பிற்சேர்க்கை

மூதூரிலிருந்து ஒரு வாசகர், எல்லாம் செய்தும் மெயில் காணாமல் போகிறது என்று எழுதினார். வீட்டில் மறந்துபோன ஒரு பழைய கணினி இன்னும் பொப்பில் இழுத்துக்கொண்டிருந்தது. ஜிமெயில்காரருக்கு இதற்கு நல்ல வழி உண்டு: உலாவியில் செட்டிங்ஸ் போய், ‘ஃபோர்வர்டிங் அன்ட் பொப்/ஐமேப்’ பகுதியில் பொப்பை முடக்குங்கள். எந்தக் கருவியும் பிறகு பொப்பில் எடுக்க முடியாது. காணாமல் போனவை ‘ஓல் மெயில்’ போல்டரில் இருக்கின்றனவா என்றும் பாருங்கள். பொப் எடுத்ததை இன்பொக்ஸிலிருந்து ஆர்கைவுக்கு ஒதுக்கும்படி அமைத்திருந்தால் அங்கேதான் இருக்கும்.

இன்னொருவர் போனில் இடம் இல்லையென்று மெயில்களை அழிக்கப் போவதாகச் சொன்னார். செய்யாதீர்கள். ஐமேப்பில் ஓரிடத்தில் அழித்தால் எல்லா இடத்திலும் அழியும். அதற்குப் பதில் செயலியில் எத்தனை நாள் மெயிலை போனில் வைத்திருக்க வேண்டும் என்ற அமைப்பைக் குறையுங்கள். போனில் இடம் கிடைக்கும், மெயில் சேர்வரில் அப்படியே இருக்கும்.