மரபணுப் பிழையைக் குட்டிக் குடலில் சோதிப்பது எப்படி?

நோயாளியின் மரபணுத்தொகுதியை முழுசாக வாசித்துவிட்டால் நோயின் காரணம் தெரிந்துவிடும் என்றுதான் ஆய்வகத்துக்குப் புதிதாக வரும் மாணவர்கள் நினைக்கிறார்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன். ஆனால் வாசிப்பு நம் கையில் தருவது ஒரு சந்தேகப் பட்டியல். பட்டியலில் இருக்கும் மாற்றம் உண்மையில் கெடுதல் செய்கிறதா, எந்த மருந்துக்கு மசியும் என்பதை அந்த நோயாளியின் செல்களிடமே கேட்க வேண்டும். அதற்குத்தான் ஆர்கனாய்டு. நோயாளியின் ஸ்டெம் செல்களை (பிரிந்து பெருகி மற்ற வகைச் செல்களாக மாறக்கூடிய மூலச் செல்களை) ஜெல்லுக்குள் வளர்த்து உண்டாக்கும், கடுகைவிடச் சிறிய உறுப்புத் துணுக்கு அது.

சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் நோயை எடுத்துக்கொண்டு பார்ப்போம். நுரையீரலிலும் கணையத்திலும் குடலிலும் சளி கெட்டியாகிப்போகும். குழந்தையை முத்தமிட்டால் நெற்றி உப்புக் கரிக்கும். காரணமான சி.எஃப்.டி.ஆர். மரபணு 7ஆம் குரோமோசோமில் இருப்பதை 1989இல் கண்டுபிடித்தார்கள். அது உருவாக்கும் புரதம், செல்சவ்வில் குளோரைடு போய்வரும் வாசல். அப்பா வழி, அம்மா வழி என இரண்டு பிரதிகளும் கெட்டால்தான் நோய் வரும்.

தொடங்கும் முன் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் குடும்பத்தின் ஒப்புதலும் வேண்டும். எடுக்கும் திசு பல வருடம் உறைநிலையில் உயிரோடு இருக்கும் என்பதைப் பெற்றோருக்குப் புரியும்படி சொல்லுங்கள்.

படி 1: டிஎன்ஏவை வாசிப்பது

குழந்தையிடமும் பெற்றோர் இருவரிடமும் கொஞ்சம் ரத்தம் எடுத்து டிஎன்ஏவைப் பிரிக்க வேண்டும். கருவி அதைத் துண்டு துண்டாகத்தான் வாசிக்கும், ஒரு துண்டு சுமார் 150 எழுத்து. ஒவ்வொரு இடமும் சராசரியாக 30 தடவை வாசிக்கப்பட்டால் நம்பலாம். பிறகு கணினி துண்டுகளை மனிதரின் மாதிரி மரபணுத்தொகுதியோடு ஒப்பிட்டு அடுக்கும். யாரை எடுத்தாலும் 40 முதல் 50 லட்சம் வித்தியாசங்கள் வரும், பயப்பட வேண்டாம். மக்களிடம் பரவலாக உள்ளவற்றைக் கழித்துவிட்டு, அறிகுறிக்குப் பொருந்தும் மரபணுக்களை மட்டும் பாருங்கள்.

இந்த நோயில் அதிகம் காணப்படும் பிழை எஃப்508டெல். அந்த இடத்தில் இருக்க வேண்டிய எழுத்துகள்:

ஏடிசி ஏடிசி டிடிடி ஜிஜிடி

நோயாளியிடம் இருப்பது:

ஏடிசி ஏடிடி ஜிஜிடி

நடுவில் சிடிடி என்ற மூன்று எழுத்து விழுந்துவிட்டது. மூன்று மூன்று எழுத்தாகத்தான் செல் படிக்கும்; ஒவ்வொரு மூன்றும் புரதத்தின் ஒரு கண்ணியான அமினோ அமிலத்தைக் குறிக்கும். ஏடிசி, ஏடிடி இரண்டுக்கும் ஒரே அமினோ அமிலம்தான். ஆகவே 1,480 அமினோ அமிலங்களில் ஒன்றே ஒன்று, 508ஆம் இடத்து ஃபீனைல்அலனின், காணாமல் போகிறது. அது இல்லாமல் புரதம் சரியாக மடியாது. சவ்வுக்குப் போய்ச் சேரும் முன்பே செல் அதைச் சிதைத்துவிடும்.

இரண்டு வேறு பிழைகள் கிடைத்தால் அவசரப்படாதீர்கள். ஒன்று அம்மாவிடமிருந்தும் மற்றது அப்பாவிடமிருந்தும் வந்திருக்க வேண்டும். இரண்டும் ஒரே பக்கத்திலிருந்து வந்திருந்தால் மறு பிரதி நன்றாகத்தான் இருக்கிறது.

இந்த மரபணுவில் 2,000க்கும் மேற்பட்ட மாற்றங்கள் பதிவாகியுள்ளன. பலவற்றின் விளைவு தெளிவில்லை. ஐரோப்பாவை ஒப்பிட்டால் இந்திய நோயாளிகளிடம் எஃப்508டெல்லின் பங்கு குறைவு, அரிய பிழைகள் அதிகம். நம் பிள்ளைகளுக்கு அடுத்த படிகள் இன்னும் முக்கியமாவது அதனால்தான்.

படி 2: திசுவிலிருந்து செல் எடுப்பது

மலக்குடலின் உட்சுவரில் சில மில்லிமீட்டர் துணுக்கை மருத்துவர் எடுத்துத் தருவார். அங்கே வலி நரம்பு இல்லாததால் குழந்தைக்கு வலிக்காது. குளிர்ந்த கரைசலில் கழுவி, இ.டி.டி.ஏ. சேர்த்து மெல்லக் குலுக்குங்கள். அது கால்சியத்தைப் பிடித்துக்கொள்ள, செல்களின் பிடி தளரும். குடல்சுவரின் நுண்குழிகள் கழன்று வரும். அவற்றின் அடியில்தான் ஸ்டெம் செல்கள் இருக்கின்றன. நெதர்லாந்தின் யூட்ரெக்ட் நகரில் ஹான்ஸ் க்ளீவர்ஸின் ஆய்வகத்தில் டோஷிரோ சாட்டோ, எலியின் ஒற்றை ஸ்டெம் செல்லிலிருந்து குட்டிக் குடலை வளர்த்துக் காட்டியது 2009இல்.

படி 3: ஜெல்லில் பதிப்பது

செல்களைத் தாங்கும் ஜெல்லான மேட்ரிஜெல் குளிரில் திரவம், சூட்டில் திடம். ஜெல், குழாய், பிப்பெட் முனை எல்லாம் ஜில்லென்று இருக்க வேண்டும். தட்டு மட்டும் 37 டிகிரியில். புதிதில் நான் குளிரவைக்காத முனையில் உறிஞ்சிவிட்டு, தட்டைத் தேடிக்கொண்டிருந்தேன். முனைக்குள்ளேயே ஜெல் இறுகிவிட்டது. அந்தக் குழந்தையை மறுபடி வரவழைத்துத் திசு எடுக்க வேண்டியதாயிற்று. அந்த வருத்தம் இன்னும் எனக்குப் போகவில்லை. அதனால் தட்டை முதலில் எடுத்து வையுங்கள்.

நுண்குழிகளை ஜெல்லோடு கலந்து தட்டில் சொட்டுச் சொட்டாக விடுங்கள். சொட்டுகள் இறுகியதும் வளர்ப்புத் திரவத்தை ஊற்றுங்கள். அதில் டபிள்யூஎன்டி, ஆர்-ஸ்பாண்டின், நாகின், இ.ஜி.எஃப். என்ற வளர்ச்சிச் சமிக்ஞைகள் கட்டாயம் வேண்டும். இரண்டு மூன்று நாளுக்கு ஒருமுறை திரவத்தை மாற்றி, வாரம் ஒருமுறை ஆர்கனாய்டுகளை உடைத்துப் புது ஜெல்லில் பிரித்து வையுங்கள்.

இந்தக் கட்டத்தில் மைக்ரோஸ்கோப்பை நிதானமாகப் பாருங்கள். நோயில்லாதவரின் ஆர்கனாய்டு நீர் நிறைந்த பலூன் மாதிரி உருண்டையாக, மெல்லிய சுவரோடு இருக்கும். நோயாளியுடையது சிறுத்து, சுவர் தடித்து, நடுவில் குழிவே தெரியாமல் இருக்கும். சோதனை தொடங்கும் முன்பே செல்கள் பாதி விடையைச் சொல்லிவிடுகின்றன.

படி 4: வீங்குகிறதா?

செல்களுக்குப் பச்சை ஒளிரும் சாயம் ஏற்றி, ஃபோர்ஸ்கோலின் என்ற வேதிப்பொருளைச் சேருங்கள். அது செல்லுக்குள் சைக்ளிக் ஏ.எம்.பி. என்ற சமிக்ஞை மூலக்கூறின் அளவை உயர்த்தும், சி.எஃப்.டி.ஆர். வாசல் திறக்கும்; குளோரைடு உள்குழிக்குப் போக, பின்னாலேயே தண்ணீரும் போகும். ஒரு மணி நேரம் தொடர்ந்து படமெடுத்துப் பரப்பளவு எவ்வளவு கூடியது என்று கணக்கிட வேண்டும். நல்ல செல் கண்ணெதிரே வீங்கும். இரண்டு பிரதியிலும் எஃப்508டெல் இருந்தால் ஏறக்குறைய அப்படியே கிடக்கும். யூட்ரெக்ட் குழு இந்தச் சோதனையை வெளியிட்டது 2013இல்.

படி 5: மருந்தும் திருத்தமும்

புரதத்தை மடிக்க உதவும் மருந்தை முந்தின நாளே சேர்த்து வைக்க வேண்டும், அது வேலை செய்ய நேரம் பிடிக்கும். வாசலைத் திறந்து வைக்கும் இவாகாஃப்டர் போன்றதை ஃபோர்ஸ்கோலினோடு சேர்த்தால் போதும். வீக்கம் திரும்பினால் அந்தப் பிழை அந்த மருந்துக்கு மசிகிறது என்று பொருள்.

பிழைதான் காரணம் என்று உறுதியாக நிறுவ, கிரிஸ்பர் என்ற மரபணு வெட்டும் கருவி கொண்டு அதை மட்டும் திருத்திப் பாருங்கள். 2013இல் இரண்டு குழந்தைகளின் ஆர்கனாய்டுகளில் அப்படித் திருத்தியபோது அவை மறுபடி வீங்கின.

ஒன்றை மறக்க வேண்டாம். இந்தக் குட்டிக் குடலில் ரத்தக்குழாயும் இல்லை, நோயெதிர்ப்புச் செல்லும் இல்லை, நுரையீரலின் சளியும் இல்லை. இங்கே வீங்கியதைப் பார்த்து, அங்கே மூச்சு இவ்வளவு சீராகும் என்று குடும்பத்திடம் வாக்குக் கொடுத்துவிடாதீர்கள்.

சரி, கடைசி வேலை. உறையவைக்கும் முன் ஆர்கனாய்டிலிருந்து கொஞ்சம் டிஎன்ஏ எடுத்து, படி 1இல் பார்த்த அதே பிழை இருக்கிறதா என்று மறுபடி வாசியுங்கள். இரண்டு நோயாளிகளின் தட்டுகள் இடம் மாறியிருந்தால் அது தெரியவருவது இங்கேதான். அப்புறம் குப்பியில் பெயர் எழுதாமல், நோயாளியின் குறியீட்டு எண்ணையும் எத்தனையாவது முறை பிரித்தது என்பதையும் தேதியையும் எழுதி, திரவ நைட்ரஜனில் இறக்கி வையுங்கள்.