சியோலிலிருந்து வட கொரிய எல்லைக்கு ஒருநாள் பயணம்: தவிர்க்க வேண்டிய தவறுகள்

சியோல் நகரிலிருந்து வட கொரிய எல்லை ஏறக்குறைய 50 கிலோமீட்டர்தான் என்பதால், காலையில் புறப்பட்டால் மதியத்துக்குள் பார்த்துவிட்டுத் திரும்பிவிடலாம் என்று பலரும் எண்ணுகிறார்கள். தொலைவைப் பொறுத்தவரை அது சரியான கணக்கே. ஆனால் அங்கே போய் ஏமாற்றத்துடன் திரும்புபவர்களில் பலர், தாங்கள் எந்தக் கோடு வரை போகப் போகிறோம் என்று கேட்டறியாமலே முன்பதிவு செய்தவர்கள். மற்ற தவறுகளில் பாதி இந்த ஒரு தவற்றிலிருந்தே பிறக்கின்றன.

1953 ஜூலை 27 அன்று கையெழுத்தான போர்நிறுத்த உடன்படிக்கை இராணுவ எல்லைக்கோடு ஒன்றை வரையறுத்து, இரு தரப்பும் அதிலிருந்து 2 கிலோமீட்டர் பின்வாங்க வேண்டும் என்று விதித்தது. அவ்வாறு உருவான, 4 கிலோமீட்டர் அகலமும் சுமார் 250 கிலோமீட்டர் நீளமும் கொண்ட பட்டைதான் இராணுவமற்ற மண்டலம், அதாவது டிஎம்இசட். அதற்குத் தெற்கே பொதுமக்கள் கட்டுப்பாட்டுக் கோடு என்று இன்னொன்று உண்டு. அதைத் தாண்ட இராணுவத்தின் அனுமதி வேண்டும். பாஜு நகரில் உள்ள இம்ஜின்காக் பூங்கா இந்தக் கோட்டுக்கும் வெளியே இருப்பதால் அங்கே யாரும் எந்தச் சீட்டும் இல்லாமல் போய்வரலாம். ‘டிஎம்இசட் சுற்றுலா’ என்ற பெயரில் விற்கப்படுவது பெரும்பாலும் கட்டுப்பாட்டுக் கோட்டைத் தாண்டி, வட கொரியா தோண்டியதாகக் கூறப்படும் மூன்றாம் சுரங்கம், எல்லைக்கு அப்பால் பார்க்க உதவும் தோரா கண்காணிப்பகம் ஆகியவற்றைக் காட்டும் பயணம். படங்களில் நாம் பார்த்துப் பழகிய நீலக் கட்டடங்களும் எதிரெதிரே நிற்கும் காவல் வீரர்களும் இருப்பது பான்முன்ஜோம் கூட்டுப் பாதுகாப்புப் பகுதியில். அதற்கு ஐக்கிய நாடுகள் படைத் தலைமையகத்தின் தனி ஒப்புதல் தேவை. 2023 ஜூலை 18 அன்று சுற்றுலாக் குழுவோடு வந்த அமெரிக்கப் படைவீரர் ஒருவர் வடக்கே ஓடிய பிறகு அந்தச் சுற்றுலா நிறுத்தப்பட்டது. அதை எந்நாளும் கிடைக்கக்கூடியதாக நினைத்துப் பயணத்தைத் திட்டமிடக் கூடாது. நீலக் கட்டடங்களை எதிர்பார்த்துப் பணம் கட்டிவிட்டுச் சுரங்கத்தைப் பார்த்துத் திரும்புவதைத் தவிர்க்க, எந்தெந்த இடங்கள் அடங்கும் என்பதைப் பெயர் பெயராகக் கேட்டு உறுதிசெய்துகொள்வதே வழி.

அடுத்தது கடவுச்சீட்டு. விடுதி அறையின் பெட்டகத்தில் அதைப் பத்திரமாகப் பூட்டிவிட்டு, கைப்பேசியில் அதன் படத்தோடு வருபவர்களை உள்ளே விடமாட்டார்கள். அசல் வேண்டும், கைக்குழந்தைக்கும் வேண்டும். இம்ஜின் ஆற்றின் மேலுள்ள ஒருங்கிணைப்புப் பாலத்தின் சோதனைச்சாவடியில் படைவீரர்கள் பேருந்தில் ஏறி ஒவ்வொருவரின் ஆவணத்தையும் முகத்தோடு ஒப்பிட்டுப் பார்ப்பார்கள். (ஹூண்டாய் நிறுவனர் சங் ஜூ-யுங் 1998-இல் 1,001 மாடுகளை இரண்டு தவணைகளாக லாரிகளில் ஏற்றி வடக்கே கொண்டுசென்றது இந்தப் பாலத்தின் வழியாகத்தான்.) பான்முன்ஜோம் செல்வதானால் சில நாட்டவர்களுக்குக் கூடுதல் முன்அனுமதியும் அதற்கான கால அவகாசமும் தேவைப்படும் என்பதால், முன்பதிவின்போதே தங்கள் குடியுரிமையைத் தெரிவித்துவிடுவது நல்லது.

நாள் குறிப்பதில் செய்யும் பிழைகளும் குறைவல்ல. மூன்றாம் சுரங்கமும் தோரா கண்காணிப்பகமும் திங்கட்கிழமைகளில் மூடியிருக்கும். இந்தச் சுற்றுலாவுக்காக இம்ஜின்காக்கில் நேரில் வாங்கும் சீட்டு முன்னால் வந்தவர்க்கே முதலில் கிடைக்கும். வார இறுதியில் பிந்திப் போனால் அது தீர்ந்துபோயிருக்கலாம். சொந்த வாகனத்தில் வந்தாலும் அதை இம்ஜின்காக்கில் நிறுத்திவிட்டு, சுற்றுலாப் பேருந்தில்தான் மேலே செல்ல வேண்டும். இவற்றையெல்லாம் விட முக்கியமானது, இந்தச் சுற்றுலா நடக்குமா என்பதை முடிவுசெய்வது சுற்றுலா நிறுவனம் அல்ல என்பதாகும். இராணுவக் காரணங்களால் அன்று காலையிலேயே ரத்தாகலாம். 2019 அக்டோபரில் ஆப்பிரிக்கப் பன்றிக் காய்ச்சல் பரவியபோதுகூட இப்பகுதிச் சுற்றுலாக்கள் நிறுத்தப்பட்டன. எனவே ஊர் திரும்பும் நாளில், மாலை விமானத்துக்கு முன்பாக இதைச் செருகுவது வீண் துணிச்சல். பயணத்தின் தொடக்க நாட்களில் வைத்துக்கொண்டால், தடைபட்டாலும் வேறொரு நாள் முயலலாம்.

சுரங்கத்தைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். வட கொரியா ஊடுருவலுக்காகத் தோண்டியதாகத் தெற்கு கூறும் இது 1978-இல் கண்டுபிடிக்கப்பட்டது. தரைக்கு 73 மீட்டர் கீழே, சுமார் 2 மீட்டர் உயரமும் 2 மீட்டர் அகலமும் கொண்டு 1.6 கிலோமீட்டர் நீள்கிறது. வட கொரியர்கள் சுவர்களில் கரியைப் பூசி அதை நிலக்கரிச் சுரங்கம் என்று சொல்லிப் பார்த்தார்கள், பாறையோ கருங்கல். பார்வையாளர்கள் இறங்கும் சரிவுப்பாதை முந்நூறு மீட்டருக்கும் அதிகம். இறங்கும்போது எளிதாகத் தோன்றுவது ஏறும்போது மூச்சு வாங்கவைக்கும். இதய நோய், மூச்சுத்திணறல், முழங்கால் வலி, மூடிய இடத்தின் அச்சம் ஆகியவை உள்ளவர்கள் கூட்டத்தோடு கூட்டமாக இறங்கிவிட்டு நடுவழியில் திண்டாட வேண்டாம். உயரமானவர்கள் குனிந்தே நடக்க வேண்டியிருக்கும், தலைக்கவசம் கட்டாயம், படம் எடுக்க அனுமதியில்லை. என்னைக் கேட்டால், சுரங்கத்தை விட்டவர்க்குப் பெரிய இழப்பில்லை. வட கொரியாவின் கேசொங் நகரத்தின் திசையும், கிஜொங்-தொங் கிராமத்தில் 160 மீட்டர் உயரக் கம்பத்தில் பறக்கும் வட கொரியக் கொடியும் தெரியும் தோரா கண்காணிப்பகமே இந்தப் பயணத்தின் உயிர்.

அந்தக் காட்சியும் வானிலையின் தயவில்தான் உள்ளது. ஜூன் இறுதியில் தொடங்கும் மழைக்காலத்தில் தொலைநோக்கியில் வெறும் வெண்மை மட்டுமே தெரியக்கூடும்; வசந்தத்தில் மஞ்சள் தூசி மறைக்கும். அக்டோபரும், குளிரைத் தாங்குபவர்களுக்குக் குளிர்காலமும் ஏற்றவை.

உடையில் கட்டுப்பாடு கடுமையாக இருப்பது பான்முன்ஜோமில். கிழிந்த ஜீன்ஸ், கையில்லாச் சட்டை, இராணுவப் பாணி உடை போன்றவற்றைத் தவிர்க்க வேண்டும். எதிர்த் தரப்பை நோக்கிக் கைகாட்டவும் கூடாது. மற்ற இடங்களில் உடை பற்றிக் கவலையில்லை. ஆனால் சோதனைச்சாவடிகளைப் படம் எடுப்பதும் ட்ரோன் பறக்கவிடுவதும் எங்குமே கூடாது. கண்ணிவெடி எச்சரிக்கைப் பலகைகள் அலங்காரத்துக்காக வைக்கப்பட்டவை அல்ல. நல்ல படம் கிடைக்கும் என்று பாதையை விட்டு ஓரடிகூட விலகக் கூடாது.

சுற்றுலா ரத்தானால் அந்த நாளே வீண் என்று விடுதிக்குத் திரும்புவதும் ஒரு தவறுதான். அதே பாஜுவில், ஹான் ஆறும் இம்ஜின் ஆறும் கூடும் இடத்துக்கு மேலே ஒதுசான் ஒருங்கிணைப்புக் கண்காணிப்பகம் இருக்கிறது. கட்டுப்பாட்டுக் கோட்டுக்கு வெளியே உள்ளதால் இராணுவ அனுமதி தேவையில்லை. அங்கிருந்து ஆற்றின் மறுகரையில் வட கொரியாவைத் தொலைநோக்கியில் பார்க்கலாம். ஆனால் அதுவும் திங்கட்கிழமை விடுமுறைதான்.