விக்டோரியா அருவி: எந்த மாதம், எந்தக் கரை?

விக்டோரியா அருவிக்குக் கிளம்பும் எண்ணம் இருந்தால், விமான டிக்கெட் விலையைப் பார்க்கும் முன் ஆப்பிரிக்காவில் ஜாம்பியாவுக்கும் ஜிம்பாப்வேக்கும் நடுவே இந்த அருவியாக விழும் சாம்பசி ஆற்றில் தண்ணீர் எப்படி என்று பாருங்கள். மார்ச் முதல் மே வரை வெள்ளம் உச்சத்தில் இருக்கும். சுமார் 1.7 கி.மீ. அகலத்துக்குக் கொட்டும். ஆனால் கிளம்பும் சாரலில் பல இடங்களில் அருவியே கண்ணுக்குத் தெரியாது. ரெயின்கோட் போட்டாலும் தொப்பலாக நனைவீர்கள். பாஸ்போர்ட், போன் இரண்டையும் ஜிப் வைத்த பிளாஸ்டிக் பையில் போட்டுக்கொள்ளுங்கள்.

அக்டோபர், நவம்பரில் ஜாம்பியா பக்கம் பெரும்பகுதி வெறும் பாறைதான். அப்போது ஜிம்பாப்வே கரைக்கே போங்கள், அங்கே எப்போதும் தண்ணீர் விழும். அருவியின் விளிம்பில் இருக்கும் டெவில்ஸ் பூல் என்ற இயற்கைக் குளத்தில் இறங்க ஆசைப்படுபவர்களுக்கு மட்டும் அந்த வறண்ட காலமும் ஜாம்பியா கரையும்தான் வழி.

என்னைக் கேட்டால் ஜூலை, ஆகஸ்ட். தண்ணீரும் இருக்கும், அருவியும் தெளிவாகத் தெரியும். காலையில் குளிரும், ஸ்வெட்டர் வேண்டும்.

முக்கியமாக விசா. இரு கரைக்கும் நடுவே உள்ள பாலத்தை நடந்தே கடந்துவிடலாம், ஆனால் அது நாட்டு எல்லை. ஒருமுறை நுழையும் விசா எடுத்துவிட்டு அக்கரை போனால், திரும்பி வர மறுபடி விசா வேண்டும். இரண்டு நாடுகளுக்கும் சேர்த்து 'காசா யூனிவிசா' இருக்கிறது. உங்கள் பாஸ்போர்ட்டுக்குக் கிடைக்குமா என்று டிக்கெட் போடும் முன்பே விசாரித்துவிடுங்கள்.