எலி மருந்து வாங்கக் கடைக்குப் போகும் முன்

எங்கள் தெருவில் மழைநீர்க் கால்வாய்க்காகத் தோண்டியபோதுதான் எலி பெருகியது. பல வருஷமாக மண்ணுக்கடியில் குடியிருந்ததெல்லாம் ஒரே வாரத்தில் காம்பவுண்டுக்குள் வந்துவிட்டது. முதலில் போனது எதிர்வீட்டு ஸ்கூட்டரின் ஒயர். அடுத்தது எங்கள் வாஷிங் மெஷினின் கழிவுநீர்க் குழாய். பார்க்கிறவர்களிடமெல்லாம் நாங்கள் கேட்ட கேள்வி ஒன்றுதான்: "எந்த மருந்து நல்லா கேக்கும்?" கேள்வியே தப்பு என்று புரிவதற்குள் நான்கு மாதம் ஓடிவிட்டது. மருந்து கடைசியில் வர வேண்டியது, அதுவும் தேவைப்பட்டால்தான். நாங்கள் தலைகீழாகத் தொடங்கினோம். பெரும்பாலான தெருக்களில் அப்படித்தான் நடக்கிறது.

வந்திருப்பது யார்?

எல்லாவற்றையும் "எலி" என்று ஒரே கணக்கில் எழுதுவது முதல் தவறு. நம் ஊர் வீடுகளைச் சுற்றித் திரிவது மூன்று வகை. புழுக்கையைப் பார்த்தாலே ஓரளவு சொல்லிவிடலாம். சீரகம் அளவுக்கு இருந்தால் சுண்டெலி. அரை அங்குலத்துக்கு, இரண்டு முனையும் கூர்ந்திருந்தால் வீட்டெலி. அதைவிடப் பெரிதாக இருந்து, பக்கத்தில் புது மண் குவித்த வளையும் இருந்தால் பெருச்சாளி.

வீட்டெலி ஏறும் சாதி. தென்னை மரம், கேபிள் ஒயர், மழைநீர்க் குழாய் என்று பிடித்து ஏறி மாடிக்கும் பரணுக்கும் போய்விடும். பெருச்சாளி தோண்டும் சாதி. சாக்கடை ஓரம், காம்பவுண்டுச் சுவரின் அடி, கார் நிறுத்தும் இடத்துக் கல்லுக்குக் கீழே எல்லாம் அதன் ராஜ்ஜியம். 'எலி வளையானாலும் தனி வளை' என்ற பேச்சு இதற்கு அப்படியே பொருந்தும். பெரும்பாலும் ஒரு வளைக்கு ஒன்றுதான் இருக்கும். வயற்காட்டில் அந்த வளைக்குள் நெல்லையும் சேர்த்து வைக்கும். எலி பிடிக்கும் இருளர்கள் வளையைத் தோண்டி அந்த நெல்லையும் எடுத்துக்கொள்வது உண்டு.

இது தெரியாமல் பரணில் ஓடுகிற எலிக்கு அடுப்படித் தரையில் பொறி வைக்கிறோம். பெருச்சாளிக்குச் சின்ன மரப்பொறியை வைத்துவிட்டு, காலையில் பொறியையே காணோம் என்று தேடுகிறோம். பொறி எதுவானாலும் சுவரை ஒட்டி வைக்க வேண்டும். எலி நடுக்கூடத்தில் உலாவாது, மீசை சுவரில் உரச ஓரமாகத்தான் ஓடும். அதற்குப் புதுப் பொருள் எதைக் கண்டாலும் சந்தேகம். அதனால் முதல் மூன்று நாள் பொறியை மாட்டாமல் மசால்வடையை மட்டும் உள்ளே வைத்துத் தின்னவிடுங்கள். நாலாம் நாள் மாட்டுங்கள். "எலி காதுல விழப்போவுது, பொறின்னு சத்தமா சொல்லாதே" என்று என் பாட்டி அதட்டுவார். அன்று வைத்த பொறியில் அன்றே எலி விழாததற்கு அவர் கண்ட காரணம் அது.

மூஞ்சூறை மட்டும் விட்டுவிடுங்கள். அது எலி இனமே அல்ல. நீண்ட மூக்கு, கிச்கிச்சென்ற சத்தம், ஒரு மாதிரி கஸ்தூரி வாடை, இவைதான் அடையாளம். கரப்பானையும் பூச்சிகளையும் தின்று தீர்க்கிற பிராணி. அதை அடித்துவிட்டு எலியைக் கொன்றதாகக் கணக்குக் காட்டுபவர்கள் எங்கள் தெருவிலேயே மூன்று பேர்.

மருந்தில் செய்யும் தவறுகள்

இங்கேதான் உயிர் போகிறது. எலியின் உயிரை மட்டும் சொல்லவில்லை.

பற்பசை மாதிரி டியூபில் வரும் மஞ்சள் பாஸ்பரஸ் பசையைத் தமிழ்நாடு அரசு தடை செய்திருக்கிறது. கேட்கிற இடத்தில் கேட்டால் இன்னும் கிடைக்கும் என்பார்கள், கேட்காதீர்கள். அது உடம்புக்குள் போனவர் முதல் ஒன்றிரண்டு நாள் நன்றாக இருப்பது போலவே தெரியும். வாந்தி நின்றதும் "சரியாயிடுச்சு" என்று வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். ஈரல் பழுதாவது அதற்குப் பிறகுதான். இதற்கென்று முறிமருந்து கிடையாது. வாயில் வைத்தது கொஞ்சமாகவே இருந்தாலும், அறிகுறி வரட்டும் என்று காத்திருக்கக் கூடாது. 108-ஐக் கூப்பிட்டு, டியூபையோ அட்டையையோ கையோடு எடுத்துப் போங்கள். எந்த மருந்து என்று தெரிவது மருத்துவருக்குப் பாதி வேலையைக் குறைக்கும்.

துத்தநாக பாஸ்பைடு கருஞ்சாம்பல் நிறத் தூள். ஈரமும் அமிலமும் பட்டால் பாஸ்பீன் என்ற நச்சு வாயுவை விடும். எலியை அதன் வயிற்றுக்குள் கொல்வதும் அந்த வாயுதான். இது வயற்காட்டுச் சரக்கு. அடைத்த படுக்கையறையில் இதற்கு வேலையே இல்லை. 2024 நவம்பரில் சென்னையை ஒட்டிய குன்றத்தூரில், எலி மருந்து வைத்த வீட்டில் ஏசி போட்டுத் தூங்கிய ஒரு குடும்பத்தில் இரண்டு குழந்தைகள் இறந்தார்கள். மருந்தை வைத்துவிட்டுப் போனவர்கள் பணம் வாங்கி வேலை செய்கிற ஆட்கள். ஆள் வைத்துச் செய்கிறோம் என்பதாலேயே கேள்வி கேட்காமல் இருந்துவிடக் கூடாது. என்ன மருந்து, பெயர் என்ன, எந்த இடத்தில் வைக்கிறீர்கள், எத்தனை மணி நேரம் வெளியே இருக்க வேண்டும், ஜன்னல் திறந்திருக்க வேண்டுமா என்று கேளுங்கள். பதில் சொல்லத் தயங்குகிறவரைத் திருப்பி அனுப்பிவிடுங்கள்.

நீலமும் பச்சையுமாக வரும் மெழுகுக் கட்டி, அதாவது புரோமாடியோலோன் 0.005 சதவீதம், வேறு ரகம். ரத்தம் உறைவதைத் தடுத்துக் கொல்லும். அதற்குச் சில நாட்கள் ஆகும். மறுநாள் எலி ஓடுவதைப் பார்த்து "இது கேக்கல" என்று இன்னொரு மருந்தைப் பக்கத்தில் வைப்பவர்கள்தான் அதிகம். இதற்கு வைட்டமின் கே1 முறிமருந்தாக இருக்கிறது, ஆஸ்பத்திரியில் கொடுப்பார்கள். அதற்காகக் கட்டியைப் பொம்மை போலத் தரையில் போட்டுவைக்க முடியாது. குழந்தையின் கையும் நாயின் வாயும் போகாத, பூட்டிய பெட்டிக்குள்தான் வைக்க வேண்டும்.

கடைக்காரர்கள் சொல்லும் ஒரு வசனம் உண்டு: "இதைத் தின்னா தாகம் எடுத்து வெளியே போய் சாகும் சார்." போகாது. பரணில், ஃபால்ஸ் சீலிங்குக்கு மேலே, பிரிட்ஜுக்குப் பின்னால் என்று வாகான இடத்தில்தான் சாகும். நாற்றம் பத்து நாள் இருக்கும். எங்கள் வீட்டில் மின்விசிறி கொக்கிக்குப் பக்கத்தில் சீலிங்கை உடைக்க வேண்டி வந்தது. விஷம் தின்று தள்ளாடும் எலியைக் கூகை தின்னும், பூனையும் தின்னும். ராத்திரியெல்லாம் இலவசமாக எலி பிடித்துக்கொண்டிருந்த கூகைக்கு நாம் கொடுக்கும் சம்பளம் அது. தோட்டத்துப் பக்கம் வரும் சாரைப்பாம்பை அடித்துப் போடுவதும் இதே கணக்கில்தான் சேரும்.

பசை அட்டையைப் பற்றி அதிகம் சொல்ல விருப்பமில்லை. ஒட்டிக்கொண்ட எலி உயிரோடு கிடந்து கத்தும், பயத்தில் மூத்திரம் விடும். கடைசியில் ஒருவர் அதைக் கையாண்டுதான் ஆக வேண்டும்.

ஓட்டை

இருபது மில்லிமீட்டர் இடைவெளி, அதாவது ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணயத்தின் அகலம், எலி நுழையப் போதும். சுண்டெலிக்குப் பென்சில் கனம் இருந்தால் சரி. இதைத் துணியால், செய்தித்தாளால், தெர்மாகோலால் அடைப்பது எலிக்கு மெத்தை போட்டுக் கொடுப்பதுதான். வெறும் சிமென்ட்டும் நிற்காது, காய்வதற்குள் அன்று ராத்திரியே சுரண்டிவிடும். பழைய கொத்தனார்கள் கண்ணாடிச் சில்லு கலந்து அடைப்பார்கள். கம்பிவலையை உள்ளே திணித்து அதன் மேல் சிமென்ட் பூசினாலும் நிற்கும். குளியலறையின் பிளாஸ்டிக் ஜாலியை மாற்றி எவர்சில்வர் போடுங்கள். ஏசி குழாயும் கேஸ் குழாயும் சுவரைத் துளைத்து வரும் இடத்தையும், கதவின் அடி இடுக்கையும் மறக்காதீர்கள். பெருச்சாளி வளையில் குடம் குடமாகத் தண்ணீர் ஊற்றுபவர்கள் இருக்கிறார்கள். அது மறுவாசல் வழியாகப் போய்விடும். நாம் ஊற்றிய தண்ணீர் நம் சுவரின் அடிமண்ணைக் கரைக்கும்.

இன்னொரு விஷயம். எலி உள்ளே இருக்கும்போது எல்லா ஓட்டையையும் அடைத்துவிட்டால் அதை வீட்டோடு சேர்த்துப் பூட்டியதாகிவிடும். பொறியும் அடைப்பும் சேர்ந்தே நடக்க வேண்டும்.

தெருவோடு சேராவிட்டால்

எலிக்குக் கதவு எண் கிடையாது. நீங்கள் மட்டும் சுத்தமாக இருந்தால் பக்கத்து வீட்டில் தின்றுவிட்டு உங்கள் வீட்டில் தூங்கும். கருவுற்ற 3 வாரத்தில் குட்டி போடும். அந்தக் குட்டியும் மூன்று மாதத்துக்குள் குட்டி போடத் தயாராகிவிடும். ஒரு வீடு மார்கழியிலும் அடுத்த வீடு மாசியிலும் வேலையைத் தொடங்கினால் என்ன ஆகும் என்று நீங்களே கூட்டிப் பாருங்கள்.

தெருவில் சாப்பாடு எங்கே கிடைக்கிறது என்று ஒரு ராத்திரி டார்ச்சோடு நடந்து பாருங்கள். நாங்கள் பார்த்ததில் முதலிடம் குப்பைத்தொட்டிக்கு இல்லை. தெருநாய்க்கென்று வாசலில் வைத்த சோறு, காக்கைக்கென்று மாடியில் வைத்து மீந்தது, புறாவுக்கு இறைத்த தானியம். நாய்க்குச் சோறு வைப்பவரிடம் வைக்காதீர்கள் என்று சொல்லப் போனால் சண்டைதான் வரும், எங்களுக்கும் வந்தது. மாலை ஏழுக்குள் வைத்து, நாய் தின்றதும் தட்டைக் கழுவி எடுத்துவிடுங்கள் என்றோம். அதை ஒப்புக்கொண்டார்கள்.

பொறியில் விழுந்ததை அடுத்த தெருவின் காலி மனையில் விட்டுவிட்டு வருவதும் வழக்கம். பாதி திரும்பி வரும். மீதி அந்தத் தெருக்காரரின் பொறியில் விழுந்து இங்கே வந்து சேரும்.

நம் காதுக்குக் கேட்காத ஒலியால் எலியை விரட்டும் என்று விற்கும் அல்ட்ராசோனிக் கருவிக்குப் பணம் கொடுக்க வேண்டாம். அமெரிக்காவின் வர்த்தக ஆணையம் 2001-லேயே அறுபதுக்கும் மேற்பட்ட தயாரிப்பாளர்களுக்கும் விற்பனையாளர்களுக்கும் எச்சரிக்கைக் கடிதம் அனுப்பிய சரக்கு அது. பூனையும் பெரிய எலியிடம் அவ்வளவாக வாலாட்டாது.

எல்லாம் முடிந்து பரணைச் சுத்தம் செய்யும்போது காய்ந்த புழுக்கையை விளக்குமாற்றால் கூட்டித் தூசி கிளப்பாதீர்கள். பிளீச்சிங் கரைசலைத் தெளித்துப் பத்து நிமிடம் ஊறவிட்டு, கையுறையோடு துடைத்து எடுங்கள். எலிக்காய்ச்சல் கிருமி எலியின் மூத்திரத்தில் இருக்கிறது. ஐப்பசி, கார்த்திகையில் தேங்கிய தண்ணீரில் நடந்தவருக்குக் காய்ச்சலோடு கெண்டைக்கால் வலியும் கண் சிவப்பும் வந்தால் வெறும் காய்ச்சல் மாத்திரையோடு நிற்காமல் மருத்துவரிடம் போய், தண்ணீரில் நடந்ததையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

அடைத்த இடம் நிற்கிறதா என்று பார்க்க, ராத்திரி அதன் முன்னால் கோலமாவைத் தூவிவிட்டுக் காலையில் காலடி தெரிகிறதா பாருங்கள். கல்மாவாக இருக்கட்டும். நான் முதல் தடவை பச்சரிசி மாவைத் தூவினேன். காலையில் காலடியும் இல்லை, மாவும் இல்லை.