ஜெர்மனிக்குக் குடும்பத்தோடு கிளம்பும் நெல்லைக்காரர்களுக்கு

அம்மா உருக்கிக் கொடுக்கும் நெய்யைப் பெட்டியில் வைக்காதீர்கள். பால் பொருள் ஐரோப்பிய ஒன்றியத்துக்குள் எடுத்துப் போகக் கூடாது.

குடியேறிய 2 வாரத்துக்குள் நகராட்சியில் முகவரியைப் பதிய வேண்டும். நீங்கள் குடிவந்ததற்கு வீட்டு உரிமையாளர் கையெழுத்திட்ட உறுதிச் சீட்டை முதல் நாளே கேட்டு வாங்குங்கள்; அது இல்லாமல் வரி எண்ணும் நகராது. ஞாயிறு கடைகள் பூட்டியிருக்கும், காய்கறியைச் சனிக்கிழமையே வாங்கிவிடுங்கள்.

அப்புறம் இட்லி மாவு. பாளையங்கோட்டையில் ராத்திரி கரைத்தால் காலையில் பொங்கி நிற்கும். அங்கே முதல் டிசம்பரில் ஒரு நாள் முழுக்க அசையவே இல்லை, சின்னவள் அழுதுவிட்டாள். இப்போது உப்பைக் கையால் கலந்து, பாத்திரத்தை ஓவனுக்குள் வைத்து, உள்விளக்கை மட்டும் போடுவேன். சூடு ஏற்றவே கூடாது. காலையில் மூடியைத் திறந்தால் புளித்த வாசம் முகத்தில் அடிக்கும், ஓரமெல்லாம் குமிழி.

ஆச்சியிடம் பேச நேரம் குறித்துக்கொள்ளுங்கள். குளிர்காலத்தில் நம் ஊர் நாலரை மணி நேரம் முன்னால், கோடையில் மூன்றரை. டிசம்பரில் பிள்ளைகள் பள்ளி விட்டு வரும் 2 மணிக்கு இங்கே மாலை ஆறரை. ஆச்சி விளக்கேற்றிவிட்டுத் திண்ணையில் காத்திருப்பார். நாங்கள் ஒரு நாளும் தவறவிட்டதில்லை. லீவுக்கு வந்திருக்கும் சின்னவள் இப்போது ஆச்சியோடு வாயடித்துக்கொண்டிருக்கிறாள், அச்சு அசல் நெல்லைத் தமிழில்.