இரைப்பை ஒபரேஷனுக்கு எவ்வளவு முடியும்? கொழும்பு, சென்னை எஸ்டிமேட்டுகளை வாசிக்கும் விதம்

பழைய சோனகத் தெருவில் ஒரு இரும்புக்கடையில் 18 வருடமாகக் கணக்கு எழுதுகிறேன். ஆணி ஒரு பெட்டி இன்ன விலை என்று யாராவது சொன்னால், பெட்டிக்குள் எத்தனை கிலோ, எந்த அளவு, இறக்குகூலி யார் தலையில் என்று கேட்காமல் பேனாவைத் திறக்க மாட்டேன். அப்படிப்பட்ட நான் 2024இல் எடை குறைப்பதற்கான என் சொந்த இரைப்பை ஒபரேஷன் விஷயத்தில் இரண்டு எஸ்டிமேட்டைப் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, அடியில் இருந்த மொத்தத் தொகையை மட்டும் பார்த்துவிட்டு, ஒரு கிழமை முழுக்கச் "சென்னைதான் மலிவு" என்று வீட்டில் சொல்லித் திரிந்தேன்.

அப்போது என் எடை 112 கிலோ, உயரம் 158 சென்ரிமீற்றர். பி.எம்.ஐ., அதாவது உயரத்துக்கு எடை எவ்வளவு என்று காட்டும் அளவு, கிட்டத்தட்ட 45. சீனி வருத்தம் 11 வருடம், அதோடு பிரஷர். கொழும்பில் ஒரு தனியார் வைத்தியசாலை தந்த எஸ்டிமேட் 14 இலட்சத்து 50 ஆயிரம் ரூபா. சென்னையிலிருந்து வட்ஸ்அப்பில் வந்தது 3 இலட்சத்து 40 ஆயிரம் இந்திய ரூபாய். ஒரு இந்திய ரூபாய் நம்முடைய 3.60 என்று போட்டால் 12 இலட்சத்து 24 ஆயிரம். இரண்டே கால் இலட்சம் மிச்சம் என்று துள்ளினேன்.

கடதாசிகளை டொக்டரிடம் காட்டியபோதுதான் குட்டு உடைந்தது. "தங்கச்சி, உங்களுக்கு நெஞ்செரிவு இருக்கெண்டு எண்டோஸ்கோப்பி ரிப்போர்ட்டில கிடக்குது. நான் எழுதினது பைபாஸ். சென்னைக்காரர் எழுதினது ஸ்லீவ். இது ரெண்டும் ஒண்டில்லையே" என்றார். முக்காலங்குல ஆணியையும் மூன்றங்குல ஆணியையும் ஒரே விலைப்பட்டியலில் போட்டு ஒப்பிட்டிருக்கிறேன்.

ஆகவே முதல் வேலை, எஸ்டிமேட்டின் மேல் வரியில் எந்த ஒபரேஷன் எழுதியிருக்கிறது என்று பார்ப்பது. ஸ்லீவ் என்றால் இரைப்பையின் முக்கால் பங்குக்கு மேல் நீளவாக்கில் வெட்டி வெளியே எடுத்துவிடுவார்கள். மிஞ்சுவது ஒரு வாழைப்பழம் மாதிரி இருக்கும். பைபாஸ் என்றால் இரைப்பையின் மேற்பகுதியில் ஒரு சின்னப் பையைப் பிரித்து, அதைச் சிறுகுடலோடு இணைப்பார்கள். நேரம் கூட எடுக்கும், தையல் இணைப்பும் கூட, அதனால் காசும் கூட. ஸ்லீவ் செய்தால் நெஞ்செரிவு கூடுவதற்கு வாய்ப்பிருக்கிறது, பைபாஸ் அதைக் குறைக்கும். என் விஷயத்தில் முடிவு அங்கேதான் எடுபட்டது. பலூன் வேறு சாமான். அது வெட்டில்லாமல் வாய்வழியாக வைத்து, வழமையாக ஆறு மாதத்தில் எடுத்துவிடுவது. நம்ப முடியாத மலிவில் ஒரு விளம்பரம் கண்ணில் பட்டால், அது பலூனா என்று முதலில் பாருங்கள்.

ஒபரேஷன் தேவைதானா என்பது டொக்டர் சொல்ல வேண்டியது. 2022இல் சர்வதேச சத்திரசிகிச்சைச் சங்கங்கள் திருத்திய வழிகாட்டலின்படி பி.எம்.ஐ. 35க்கு மேலானால் வேறு வருத்தம் இல்லாவிட்டாலும் பரிந்துரைக்கலாம். ஆசியர்களுக்கு அந்த எல்லை இன்னும் கீழே, 27.5இலிருந்தே யோசிக்கலாம். இதை வைத்துக்கொண்டு 28 உள்ள ஆளையும் மேசைக்கு ஏற்றப் பார்க்கிறவர்கள் இருக்கக்கூடும். கவனம்.

இனி எஸ்டிமேட்டுக்குள் போவோம். நான் ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கி மூன்று நிரல் கோடு போட்டேன்: ஒபரேஷனுக்கு முன், ஒபரேஷன், ஒபரேஷனுக்குப் பின். வைத்தியசாலைகள் தருவது நடு நிரலை மட்டும்தான். முதல் நிரலில் எனக்கு விழுந்தது 92 ஆயிரம்: நாலு டொக்டர்மாரைச் சனல் பண்ணின காசு, இரத்தப் பரிசோதனைகள், எண்டோஸ்கோப்பி, ஸ்கேன், இதயத்துக்கு எக்கோ, உணவு ஆலோசகர். இதில் ஒரு சதமும் எஸ்டிமேட்டில் இல்லை. இரண்டு கிழமை ஈரல் சுருங்குவதற்காகக் குறைந்த கலோரிச் சாப்பாடு தந்தார்கள். அதில்தான் கொஞ்சம் மிச்சம் பிடித்தேன்.

நடு நிரலில் ஆகப் பெரிய ஒளிப்பிடம் ஸ்டேப்ளர். இரைப்பையை வெட்டிக்கொண்டே தைத்துப் போகிற கருவி அது. அதற்குள் போடும் கார்ட்ரிட்ஜ் (தையல் கம்பிகள் அடங்கிய சின்னப் பெட்டி) ஒவ்வொன்றும் தனி விலை, அதுவும் இறக்குமதி விலை, ஒரு ஆளுக்குப் பல தேவைப்படும். பில் கவுண்டரில் போய்க் கேட்டேன்.

"மிஸ், இதில எத்தின கார்ட்ரிட்ஜ் சேர்த்திருக்குது?"

"அஞ்சு, மேடம்."

"ஆறாவது தேவைப்பட்டா?"

"அது எக்ஸ்ட்ரா மேடம்."

"ஒண்டுக்கு எவ்வளவு எண்டு இந்தக் கடதாசியிலயே எழுதித் தாங்கோ."

எழுதித் தந்தார். எனக்கு ஆறுதான் தேவைப்பட்டது. வாய்ப்பேச்சாக விட்டிருந்தால் அந்தத் தொகையைப் பில்லில் கண்டுதான் மயங்கியிருப்பேன். புதுப் பெட்டி உடைத்துத்தான் பாவிப்பார்களா, முன்னம் பாவித்ததைச் சுத்தம் செய்து பாவிப்பார்களா என்றும் கேளுங்கள். முகம் சுளித்தால் சுளிக்கட்டும்.

அதே கவுண்டரில் இன்னும் சில கேள்விகள். எத்தனை இரவு சேர்த்திருக்கிறது, ஒரு இரவு கூடினால் எவ்வளவு? ஐ.சி.யூ. சேர்த்தியா? மயக்க மருந்து டொக்டரின் கட்டணம் தனியா? வெட்டி எடுத்த பகுதியைப் பரிசோதனைக்கு அனுப்பும் செலவு யாருடையது? இரத்தம் கட்டிப்படாமல் வயிற்றில் போடுகிற ஊசி வீட்டுக்கு வந்த பிறகும் தொடரும். அது பில்லிலா, வெளிப் பார்மசியிலா? 18 வீத வற் (பெறுமதி சேர் வரி) பில்லில் எந்தெந்தச் செலவின் மேல் ஏறும்? எனக்குக் கூடின ஒரு இரவும் ஒரு கார்ட்ரிட்ஜும் சேர்ந்து 1 இலட்சத்து 8 ஆயிரம். ஆக, 14 இலட்சத்து 50 என்று தொடங்கியது முதல் நிரலோடு 16 இலட்சத்து 50 ஆயிரத்தில் வந்து நின்றது.

சென்னைக் கணக்கையும் அதே நேர்மையோடு போட்டேன். பைபாஸுக்குத் திருப்பிக் கேட்டபோது 4 இலட்சத்து 10 ஆயிரம் இந்திய ரூபாய் என்றார்கள். நம் காசில் 14 இலட்சத்து 76 ஆயிரம். இவரும் (என் வீட்டுக்காரர்) நானும் போய்வர டிக்கெட் 1 இலட்சத்து 10 ஆயிரம். பறப்பது ஒன்றேகால் மணித்தியாலம்தான், ஆனால் ஒபரேஷன் முடிந்து நாலாம் நாள் ஏறி வருவது புத்தியில்லை. தையலில் ஒழுக்கு வந்தால் பெரும்பாலும் முதல் கிழமைகளில்தான் வரும். காலில் இரத்தம் கட்டும் ஆபத்தும் அப்போதுதான். அதனால் 18 நாள் என்று வைத்தேன். கிரீம்ஸ் ரோட்டுப் பக்கம் ஒரு அறை நாளுக்கு 2,500 இந்திய ரூபாய்ப்படி நம் காசில் 1 இலட்சத்து 62 ஆயிரம். சாப்பாடு, ஓட்டோ 64,800. மொத்தம் 18 இலட்சத்து 12 ஆயிரத்து 800. இதில் விசாக் காசும், கார்டில் கட்டினால் வங்கி பிடிக்கிற மாற்றுக் கட்டணமும், இவர் சம்பளமில்லாமல் எடுக்க வேண்டிய லீவும் இல்லை. விசா என்றதும் ஒன்று: இந்திய மருத்துவ இ-விசாவில் 60 நாள் நிற்கலாம், மூன்று தரம் உள்ளே போகலாம், கூடவே இரண்டு உதவியாளருக்கு விசா எடுக்கலாம். சுற்றுலா விசாவில் போய் ஒபரேஷன் செய்யாதீர்கள்.

சென்னை வளசரவாக்கத்தில் சித்தி வீடு இருந்திருந்தால்? அறை வாடகையைக் கழித்துப் பாருங்கள்: 16 இலட்சத்து 50 ஆயிரத்து 800. கொழும்போடு வித்தியாசம் 800 ரூபா! அதனால் சென்னை கூடாது என்று நான் சொல்லவில்லை. ஸ்லீவ் செய்கிற, அங்கே தங்க வீடுள்ள ஒருவருக்கு அங்கேதான் கணக்குச் சரிவரும். ஒரு மாதத்தில் நிறையப் பேருக்குச் செய்கிற டொக்டர் கை என்பதற்கும் ஒரு பெறுமதி இருக்கிறது. எந்த ஊரென்றாலும் "நீங்கள் இதுவரை எத்தனை பைபாஸ் செய்திருக்கிறீர்கள்?" என்று நேரே கேட்க வெட்கப்பட வேண்டாம்.

கொப்பியில் நான் சிவப்புப் பேனாவால் எழுதிய கேள்வி வேறு: ஏதாவது பிழைத்தால் யார் பார்ப்பது, யார் காசு கட்டுவது? லண்டனில் இருக்கிற என் மச்சாள் துருக்கிக்குப் போய்ச் செய்தாள். விமானச் சீட்டு, ஹோட்டல், ஒபரேஷன் எல்லாம் ஒரே பெக்கேஜ். திரும்பி வந்து பத்தாம் நாள் காய்ச்சல், வாந்தி, தையலில் ஒழுக்கு. அந்த கிளினிக் போனை எடுக்கவில்லை. ஆனால் அவளுக்கு லண்டனில் அரச வைத்தியசாலை மூன்று கிழமை வைத்து ஒரு பவுணும் வாங்காமல் பார்த்தது. அதே பெக்கேஜை நான் எடுத்து கொழும்புக்குத் திரும்பியிருந்தால், தனியார் ஐ.சி.யூ.வில் நாட்கணக்கில் காசு எண்ணியிருப்பேன், அல்லது அரச வார்ட்டில் என் இரைப்பைக்கு என்ன செய்தார்கள் என்று தெரியாத டொக்டர்மாருக்கு முன்னால் கிடந்திருப்பேன். மச்சாளுக்கு மலிவாக முடிந்தது எனக்கும் மலிவாக முடியும் என்றில்லை. என் காப்புறுதியில் உடற்பருமன் சிகிச்சை விலக்குப் பட்டியலில் கிடந்தது. ஒபரேஷன் விலக்கென்றால் அதன் பின்விளைவுக்கும் கட்டுவார்களா என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள்.

அரச வைத்தியசாலையை மறந்துவிட்டேன் என்று நினைக்க வேண்டாம். கொழும்பு தேசிய வைத்தியசாலையிலும் இந்தச் சத்திரசிகிச்சை செய்கிறார்கள், இலவசமாக. கடையில் எங்களோடு வேலை செய்த கொட்டாஞ்சேனை அக்கா ஒருவர் அரச கிளினிக் வழியாகத்தான் செய்தார். ஒரு வருடத்துக்கு மேல் கிளினிக் கொப்பியோடு விடியக்காலையில் வரிசையில் நின்றார், இடையில் சில சாமான் வெளியே வாங்கிக் கொடுத்தார், அவ்வளவுதான். அவசரமில்லாத உடம்பும் பொறுமையும் இருந்தால் என் 16 இலட்சத்தைவிட அது நல்ல கணக்கு. எனக்குக் கண்ணில் சீனி வருத்தம் தொடங்கியிருந்ததால் காத்திருக்கப் பயந்தேன்.

மூன்றாம் நிரலை ஒருவரும் சொல்லித் தருவதில்லை. மல்டிவிட்டமின், பி12, இரும்பு, கல்சியம், விட்டமின் டி: இவை ஆறு மாதத்துக்கில்லை, ஆயுளுக்கு. பைபாஸ்காரருக்கு இன்னும் கட்டாயம். எனக்கு மாதம் 9,500 ரூபா போகிறது. வருடம் 1 இலட்சத்து 14 ஆயிரம். பத்து வருடத்துக்குப் பெருக்கினால் இன்னொரு ஒபரேஷன் காசில் பெரும்பங்கு. முதல் வருடம் மூன்று, ஆறு, பன்னிரண்டாம் மாதங்களில் இரத்தப் பரிசோதனை, பிறகு வருடாவருடம். பித்தப்பையில் கல் வராமலிருக்க ஆறு மாதம் ஒரு குளிசை. எடை இறங்கினபின் தொங்குகிற தோலை எடுக்க விரும்பினால் அது வேறு ஒபரேஷன், வேறு எஸ்டிமேட். புரதத் தூள் டின்னுக்கு விலை கேட்டுத் திகைத்தேன். உணவு ஆலோசகரிடம் கேட்டு முட்டை, பருப்பு, மீன், தயிர் என்று மாற்றிக்கொண்டேன். மறுபக்கத்தில் வரவும் இருக்கிறது: சீனி வருத்த மருந்துக்கு மாதம் 11 ஆயிரம் போனது, இப்போது 3 ஆயிரம். அதையும் கொப்பியில் எழுதுங்கள், ஆனால் மருந்து குறையும் என்று முன்கூட்டியே வரவு வைக்காதீர்கள்.

டிஸ்சார்ஜ் ஆகிற நாளில் பில்லோடு சேர்த்து ஒபரேஷன் நோட்டின் பிரதியையும் கேட்டு வாங்குங்கள். என்ன செய்தார்கள், எவ்வளவு நீளக் குடலைத் தாண்டி இணைத்தார்கள் என்று அதில் இருக்கும். பத்து வருடம் கழித்து வேறொரு டொக்டர் உங்கள் வயிற்றைத் திறக்க நேர்ந்தால் முதலில் தேடுவது அதைத்தான். நான் இரண்டு பிரதி எடுத்து ஒன்றை இவருடைய பேர்ஸில் மடித்து வைத்திருக்கிறேன், மற்றதைச் சீ.ஆர். கொப்பியின் பின்னட்டையில் ஒட்டியிருக்கிறேன்.